அம்பலக்காரர் சாப்பிட்ட வல்லாரை லேகியம்

லேகியக் கடையில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: ஞாபக மறதிக்கு மருந்து வாங்கிப் போகிறவர் அதைச் சாப்பிட மறந்துவிட்டு, ‘ஒண்ணும் கேக்கலையே’ என்று நம்மிடமே சண்டைக்கு வருவார். உங்கள் வீட்டிலும் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிற பெரியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் நீங்கள் படுகிற பாட்டை நான் சந்தைக்குச் சந்தை பட்டேன். அது யுத்த காலம். சீனி கிடைக்காது. புதுக்கோட்டையில் எங்கள் வைத்தியர் கருப்பட்டியில் வல்லாரை லேகியம் கிண்டுவார்; நான் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின பஸ்ஸில் தூக்கிப் போய் விற்பேன்.

திருவிழாவுக்கு முந்தி

கந்தர்வக்கோட்டைச் சந்தையில் ஆறுமுக அம்பலம் வந்து என் முன்னால் குந்தினார். பக்கத்து ஊர்ப் பெரியதனக்காரர், எழுபதைத் தாண்டியவர். அவர் ஊர் அய்யனார் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வகையறாவின் தலைக்கட்டையும் வரிசைப்படி பேர் சொல்லிக் கூப்பிட்டு, காளாஞ்சி என்று தேங்காய் வெற்றிலைத் தட்டு கொடுப்பார்கள். கூப்பிடுகிற உரிமை அம்பலத்துடையது. கடைசியில் தன் பேரையும் அவரே சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன வருசம் ஒரு பேரில் தடுமாறிவிட்டார். ஊர் முணுமுணுத்தது. இந்தத் தடவையும் ஒரு பேர் விட்டுப்போனால் உரிமை பங்காளிக்குப் போய்விடும். மனுசருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் லேகியத்தின் அருமை பெருமைகளை அளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“கேக்குமுன்னு எல்லாப் பயலும் சொல்றான் தம்பி. திருவிழாவுக்கு முந்திக் கேக்குமா, அதச் சொல்லுங்க!”

எந்த நெல்லிக்காய்?

காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு என்று சொல்லி ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். நான் நினைத்தது அரைநெல்லி. அவர் வீட்டுக் கொல்லையில் இருந்ததோ பெருநெல்லி மரம். அதிலும் நல்ல காயாகப் பறித்துப் பக்கத்தில் வைத்து, அளவு பார்த்து உருட்டி விழுங்கியிருக்கிறார். டப்பா சீக்கிரமே காலி. அடுத்த சந்தைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஐயோ, அடிக்கப் போகிறார் என்று நான் தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை.

“ஊராம் பேரு ஞாபகம் வந்துச்சோ இல்லையோ, கொல்லைக்குப் போற வழி நல்லா ஞாபகம் இருக்குங்க!”

பங்காளியின் டப்பா

திருவரங்குளத்துச் சந்தையில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவர் வந்தார். அம்பலத்தின் பங்காளி, சின்னையா. அவருக்கும் வயது கொஞ்சமில்லை. அம்பலம் என்ன வாங்குகிறார் என்று விசாரித்துவிட்டு, அதே லேகியத்தைக் கேட்டார். உங்களுக்கு எதற்குங்க என்றேன். அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார்.

“அவரு மறக்குற அன்னிக்கி நான் மறந்துறக் கூடாதுல்ல?”

ஆறு விரல்

அடுத்த டப்பாவுக்கு அம்பலத்தின் சம்சாரம் வந்தாள். ஆளுக்கு ஆள் பக்குவம் மாறும் என்பதால் டப்பாவில் பேர் எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம். அந்த ஆத்தாவை எனக்குத் தெரியாது, யாருக்கு மருந்து என்று பேர் கேட்டேன். புருசன் பேரை வாயால் சொல்வாளா? ஆறு விரலைக் காட்டி, முகத்தைத் தொட்டுக் காண்பித்தாள். ஆறுமுகமா என்றதும் அப்படி ஒரு வெட்கம்.

மருந்து கேக்குதா என்றேன். விடியக்காலம் மாடு கறக்கும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இவள் ஒவ்வொரு பேராகச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்கிறாராம். இப்போது தடங்கலே இல்லையாம். ஆத்தாவும் ஒரு வாய் சாப்பிடலாமே என்று கரண்டியை நீட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

“மறக்குறவுக திங்கட்டும் தம்பி. எனக்கெதுக்கு அந்தக் கசப்பு?”

காளாஞ்சி நேரம்

திருவிழாவுக்கு நானும் போயிருந்தேன். அம்பலம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். அடேயப்பா, என்ன குரல்! ஒவ்வொரு பேரும் கணீரென்று வந்தது. சின்னையா பேரைக்கூட விடவில்லை. எங்கள் லேகியமாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒரே ஒரு காளாஞ்சித் தட்டு மிச்சம். அது அவருடையது. மனுசர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், பேர் வரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆத்தா சொல்லிக்கொடுத்த பாடத்தில் அவள் புருசன் பேர் எப்படி இருக்கும்? தினமும் அதற்கு முந்தின பேரோடு நிறுத்திவிட்டுப் பால் செம்பைத் தூக்கியிருக்கிறாள்! சின்னையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஆறுமுகம்! ஆறுமுக அம்பலம்!”

பெண்கள் பக்கமிருந்து வந்தது சத்தம். கூப்பிட்டுவிட்டு ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொம்பளை கூப்பிடலாமா என்று சின்னையா எகிறினார். பூசாரி சிரித்துக்கொண்டே, பேர் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று தட்டை அம்பலத்தின் கையில் கொடுத்துவிட்டார். ஊரும் சிரித்து ஒப்புக்கொண்டது. உரிமை அம்பலத்திடமே தங்கியது.

கூட்டம் கலைந்தபின் அம்பலம் தட்டோடு என்னிடம் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“எம் பேரு இம்புட்டு நல்லாருக்குமுன்னு இன்னிக்கித்தான் தம்பி தெரிஞ்சுச்சு.”

அந்தப் பெருமையையும் லேகியத்தின் தலையிலேயே கட்டி அந்த வருசம் நன்றாக விற்றோம். ஆத்தா அதை நாக்கில்கூட வைத்ததில்லை என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.