பேரைச் சொல்லி வைத்த வருடம்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கருப்பம்மாளுக்குத் திண்டாட்டம். மலேசியாவில், பத்து காஜா டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், மரம் சீவிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்குப் போகிற எல்லாத் தாய்மார்களுக்கும் அப்படித்தான். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிடலாம். பள்ளிக்கூடம் போகிற வயது வந்துவிட்டால் ஆயா சேர்க்கமாட்டாள். மற்ற மாதங்களில் வாத்தியார் பிடித்து உட்கார வைத்திருப்பார். நவம்பர் பாதியில் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், ஜனவரி வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குக் கடவுள்தான் காவல். கடவுளுக்கும் அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிடும்.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால், மூங்கில் புதரைத் தாண்டினால், ஈயம் தோண்டியவர்கள் அப்படியே போட்டுவிட்டுப் போன பழைய குட்டை. தண்ணீர் பச்சைப்பசேலென்று பார்க்க அழகாக இருக்கும். கரையை விட்டு ஓரடி வைத்தால் ஆள் ஆழம். எழுபத்து மூன்றாம் வருட விடுமுறையில் இருளாயியின் மகன் அதில்தான் போனான். பெற்றவள் அப்போது ரப்பர் காட்டில், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் ஓடிப்போய் அவளை அழைத்து வருவதற்குள் பிள்ளையைத் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

அடுத்த வருட விடுமுறைக்கு முன்பே கருப்பம்மாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். மூத்தவள் மங்களம் வீட்டில் இருந்து தம்பிகள் இருவரையும் வாசற்படி தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வாள். மங்களத்துக்குப் பன்னிரண்டு வயது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். பெரிய தம்பி அர்ச்சுனன் துறுதுறுவென்று இருப்பான். சின்னவன் பத்துமலைக்குப் படிப்பு ஏறவே இல்லை. ஒன்றாம் வகுப்பை முடித்தும் அவனுக்கு ‘அ’வுக்கும் ‘சு’வுக்கும் வித்தியாசம் தெரியாது, தெரியவில்லையே என்ற கவலையும் கிடையாது.

விளையாட்டுக்குக் கூட ஒரு நாளுக்கு மேல் அவர்களைக் கட்டிப்போட முடியாது என்றுதான் கருப்பம்மாள் நினைத்தாள். மங்களம் கட்டிப்போட்டாள். பெஞ்சைத் திருப்பிப் போட்டு அதைப் பஸ்ஸாக்கினாள். ஒருவன் கண்டக்டர், ஒருவன் பயணி. ஈப்போவுக்குப் போகிற பஸ் அது. மலாயில் கேட்டால்தான் டிக்கெட். கண்டக்டர் “பெர்கி மானா?”, எங்கே போகணும், என்று கேட்பான். பயணி பதில் தெரியாமல் விழித்தால் மழையோ வெயிலோ பாதி வழியில் இறங்கிவிட வேண்டியதுதான். கணக்குக்கு ரப்பர் கொட்டைகள். வீட்டில் இருந்த ஒவ்வொரு பொருளின் மீதும் கரித்துண்டால் அதன் பெயரை எழுதினாள், தமிழில் ஒரு பக்கம், மலாயில் ஒரு பக்கம். வாளி, அடுப்பு, அரிசித் தகரம், கதவு எதுவும் தப்பவில்லை. அப்பா மாயாண்டி அசந்து தூங்கும்போது அவர் நெற்றியில் எழுதாமல் விட்டதே பெரிய காரியம். காலையில் பல் விளக்க வாளியைத் தேடுகிற பத்துமலை, அதில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் தண்ணீர் மொள்ள வேண்டும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே வந்தார்கள். டிசம்பர் பிறப்பதற்குள் அந்தச் சின்ன வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தாய்மார்கள் நிம்மதியாக மரம் சீவினார்கள். பால் நிறுக்கிற இடத்தில் கருப்பம்மாளுக்குத் தனி மரியாதை கிடைத்தது. அவளும் மனுஷிதானே, உச்சி குளிர்ந்துதான் போனாள்.

இதற்கு நடுவில் மங்களத்தின் சொந்தப் படிப்பு ஒன்று காத்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் அவள் பத்து காஜா டவுனில் உள்ள இடைநிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் மலாய் பழகுவதற்கென்று அங்கே ஒரு வருடம் புகுமுக வகுப்பு உண்டு. வகுப்பில் முதலாவதாக வந்த பெண், கட்டாயம் அனுப்புங்கள் என்று தலைமையாசிரியர் மாயாண்டியைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இளநீலச் சீருடையும் தைத்தாயிற்று. வருடக் கடைசியில் அந்தத் தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனார்.

பள்ளி திறக்கிற நாள் நெருங்க நெருங்க, தாய்மார்களின் முகம் சுண்டியது. பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிடும். பால்வெட்டுக்காரர்கள் வீடு திரும்ப இன்னும் நேரமாகும். குட்டை எங்கேயும் போய்விடவில்லை. ஒரு நாள் பாலை எடை போட்டுவிட்டு எல்லாரும் வரிசையில் நிற்கும்போது இருளாயி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“இந்தப் பொண்ணு போன வருஷம் இப்பிடி ஒக்காந்திருந்தா எம்புள்ள இருந்திருப்பான்.”

இருளாயி எதையும் கேட்கவில்லை, ஆனால் மங்களத்தை வீட்டில் நிறுத்து என்று கேட்டதுபோலவே கருப்பம்மாளுக்கு இருந்தது. அன்று ராத்திரியே, பத்துமலை இப்போதுதான் எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருக்கிறான், ஒரு வருடம் அவனை ஒருத்தி உட்கார்ந்து பார்த்தால் தேறிவிடுவான் என்று கணவனிடம் சொன்னாள். மாயாண்டி முதலில் முணுமுணுத்தார். பிறகு, உன் இஷ்டம் என்றார். குடும்பத்தில் எதற்கும் பொறுப்பேற்க விரும்பாத ஆண்பிள்ளைகள் சொல்கிற சொல் அது.

கருப்பம்மாள் மகளின் படிப்பைக் கெடுக்க நினைக்கவில்லை. இதை அழுத்தியே சொல்லவேண்டும். அவள் நினைத்தது வேறு. பத்துமலையைச் சுமந்த காலத்தில் அவளால் காட்டுக்குப் போக முடியாமல் போனபோது, தோட்டத்து ஆபிஸில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். அவள் சீவுகிற மரவரிசையைக் கூட வேலை செய்த செல்லாயி பார்த்துக்கொண்டாள். பிள்ளை பெற்று எழுந்து அவள் மறுபடி விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நின்ற அன்று, இருட்டில் வேலை வாங்குகிற மண்டோர் விளக்கைப் பிடித்துப் பெயர் கூப்பிட்டபோது அவள் பெயரும் வந்தது, நேற்றுத்தான் போய்விட்டு வந்ததைப்போல. ஆள் பேர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் ஏறிய பெயர், சொல்லி வைத்தால் இருக்கும். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த அவளுக்கு உலகம் முழுக்க ஒரே செக்ரோல்தான். பள்ளிக்கூடம் மட்டும் வேறு மாதிரி என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

ஆபிஸ் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிராணி சதாசிவத்தின் முன்னால் போய் நின்றாள்.

“அய்யா, எம்பொண்ணு பேர பெரிய ஸ்கூல்ல ஒரு வருஷம் புடிச்சி வைக்கச் சொல்லணும். அடுத்த வருஷம் அனுப்பிருவேன்.”

கிராணி எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து நிமிரவில்லை. “சரி சரி, பாத்துக்கலாம்” என்றார்.

கூரை ஒழுகுகிறது என்று போனாலும் அவர் அதைத்தான் சொல்வார். கருப்பம்மாளுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் தனக்கு வேண்டியதைக் கேட்ட திருப்தியில் திரும்பிவிட்டாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

மங்களத்திடம் சொன்னபோது அவள் அழவில்லை. நிஜமாகவே சொல்லியாச்சா என்று மட்டும் கேட்டாள். சொல்லியாச்சு என்றாள் தாய். சீருடை பாச்சை உருண்டையோடு பெட்டிக்குள் போனது.

அந்த வருடம் பத்துமலை படிக்கக் கற்றுக்கொண்டான். லயத்தில் ஒரு பிள்ளையும் குட்டைப் பக்கம் போகவில்லை. மங்களம் மத்தியானம் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், சண்டையைத் தீர்த்தாள், காய்ச்சல் கண்டவனுக்கு நெற்றியில் பற்றுப்போட்டாள். தீபாவளி வந்தபோது லயமே அவளுக்குச் சேர்ந்து பாவாடைத் துணி எடுத்துக்கொடுத்தது. எப்போதாவது, அடுத்த வருடம்தானே அம்மா என்று கேட்பாள். ஆமாம் என்பாள் கருப்பம்மாள். அவள் பொய் சொல்லவில்லை.

எழுபத்தாறு ஜனவரியில் கருப்பம்மாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மங்களம் வளர்ந்துவிட்டிருந்ததால் சீருடையின் மடிப்பைப் பிரித்து இறக்கியிருந்தார்கள். பள்ளி அலுவலகத்தில் ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். மரியாதையாக உட்காரச் சொன்னாள், பெயர் கேட்டாள், எதையோ புரட்டிப் பார்த்தாள். “தக் அடா” என்றாள். அந்த ஒரு வார்த்தை கருப்பம்மாளுக்கே புரிந்தது. சந்தையில் மீன் தீர்ந்துபோனால் மீன்காரன் சொல்கிற வார்த்தை. பிறகு அந்தப் பெண் வேகமாகப் பேசினாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

“என்னடி சொல்றாங்க?”

“பேரு இல்லையாம்மா. போன வருஷமே வந்திருக்கணுமாம். வராதவங்கள எடுத்துட்டாங்களாம்.”

“கிராணி சொல்லி வச்சாரு. அதக் கேளு.”

மங்களம் கேட்டாள். எந்தக் கிராணி, எந்த ஊரு என்று அந்தப் பெண் புரியாமல் கேட்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. தன்னுடைய படிப்பு போய்விட்டதைத் தன் வாயாலேயே தாய்க்கு மலாயிலிருந்து தமிழாக்கிச் சொன்னாள் அந்தப் பிள்ளை. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பேசினாள், மங்களம் தலையாட்டினாள், நன்றி சொன்னாள், அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

பஸ் நிற்குமிடத்தில் வெயில் கொளுத்தியது. மங்களம் மணி என்ன என்று யாரிடமோ கேட்டாள். பையன்கள் பள்ளிவிட்டு வந்திருப்பார்கள், கதவு பூட்டியிருக்குமே என்றாள். கருப்பம்மாள் அதை லயத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். எவ்வளவு பொறுப்பு பாருங்கள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளவேண்டும்போல இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு வாழ்க்கை ஓடியதைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். மங்களம் ஆயாக்கொட்டகையில் எடுபிடி வேலைக்கு நின்றாள், பிறகு பால்வெட்டுக்குப் போனாள். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் வாடகை வீடு பிடித்தது. அர்ச்சுனன் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து அரசாங்க அலுவலகத்தில் சேர்ந்தான். ஒரு காலத்தில் எழுத்துத் தெரியாமல் இருந்த பத்துமலை பினாங்குக்குப் படிக்கப் போனான். மங்களத்தைக் கமுந்திங்கில் உடையப்பன் என்ற லாரி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். அவளும் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தாள்.

கருப்பம்மாளுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நவம்பர் வந்து, தெருவில் பிள்ளைகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டால் மனது கனத்துப்போகும். புதிதாக வந்த தலைமையாசிரியரிடம் போயிருக்கலாமே, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கலாமே என்று தோன்றும். மகளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்து, ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்காமலே அனுப்பிவைத்தாள்.

எண்பத்தொன்பதாம் வருட விடுமுறையில் மங்களம் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூத்தது வாசுகி, ஏழு வயது. சின்னவன் சீனிக்கு நான்கு. தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை, ஜனவரி வரைக்கும் இவர்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கருப்பம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்ணப் பென்சில், படக்கதைப் புத்தகம், கணக்குப் பலகை என்று கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி வைத்தாள். இந்த ஒரு விடுமுறையாவது சரியாக நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை மங்களம் பஸ்ஸுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை பொங்கியது. கருப்பம்மாள் உள்ளே ஓடிக்கொண்டே, “வாசுகி கண்ணு, தம்பியப் பாத்துக்க, பாட்டி இந்தா வாரேன்” என்றாள்.

மங்களம் பையைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

“அத மட்டும் அவகிட்ட சொல்லாதம்மா.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் கருப்பம்மாளைச் சுட்டது. இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போது வந்துவிட்டது.

“எம்மேல ஒனக்கு ஆறாத கோவம் இருக்கு. நாந்தான ஒம்படிப்பக் கெடுத்தேன்.”

“கோவம்லாம் இல்ல. அன்னிக்கி பெரிய ஸ்கூல் ஆபிஸ்ல அந்த அம்மா வேற ஒண்ணும் சொன்னாங்க. தோட்டத்து ஸ்கூல்லேருந்து ஒரு காயிதம் வாங்கிட்டு இந்த வாரத்துக்குள்ள வாங்க, எடம் பாக்கலாம்னாங்க. நாந்தான் ஒங்கிட்ட சொல்லல.”

கருப்பம்மாள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“சொன்னா நீ எப்பிடியும் காயிதம் வாங்கி என்னயச் சேத்திருப்ப. அப்பறம் பசங்கள யாரு பாக்கறது? எனக்கு அந்த நெனப்புதான் மொதல்ல வந்துச்சு.”

மங்களம் தாயின் தோளைத் தொட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள். ஒரு கடிதம், ஒரு வாரம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதைக் கேட்கக்கூடத் தெரியாத பிள்ளையாகத் தானே அவளை ஆக்கிவிட்டோம் என்று கருப்பம்மாளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் கிராணியைத் திட்டியிருந்தாள், பள்ளிக்கூடத்தைத் திட்டியிருந்தாள். இனி திட்ட யாரும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சீனி அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருந்தான். வாசுகி அவனை இடுப்பில் தூக்க முடியாமல் தூக்கி வைத்து, தன் சட்டையால் அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் மற்றப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“தம்பிய எங்கிட்ட குடு கண்ணு. நீ போயி வெளையாடு.”

வாசுகி அவனைக் கொடுக்கவில்லை.

“பரவால்ல பாட்டி. அம்மா வேலைக்குப் போனா எப்பவும் நாந்தான் பாத்துக்குவேன்” என்றாள்.