குரல் இருந்த டிஸ்க்

மந்தாரக்குப்பத்து நைனா முகமதுவை முகத்தால் அறிந்தவர்களைவிடக் குரலால் அறிந்தவர்கள்தான் நெய்வேலியில் அதிகம். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிய ஆட்டோவில் பிளாக் பிளாக்காகப் போய் அறிவிப்புச் சொல்வது அவர் தொழில். துணிக்கடைத் தள்ளுபடி, ரத்ததான முகாம், தேர்த் திருவிழா, சந்தனக்கூடு எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். ஆனால் சாவுச் செய்தி சொல்வதில்தான் அவருக்குப் பெயர். அவசரப்படமாட்டார், இழுக்கமாட்டார். இறந்தவரின் பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார். நைட் ஷிப்ட் முடித்துப் படுத்தவர்கள்கூட எழுந்து ஜன்னலுக்கு வந்து, யார் என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி படுப்பார்கள்.

அந்தத் தொண்டையில் புற்று வந்தது. புதுச்சேரியில் அறுவை செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கழுத்தின் நடுவில் இட்ட துளை வழியாகத்தான் மூச்சு. வாய் அசையும், சத்தம் வராது. மனைவி சைபுன்னிசா மட்டும் அவர் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டாள். மற்றவர்களுக்குப் போனில் எழுதிக் காட்டுவார்.

ஆனாலும் தொழிலை விடவில்லை. நாள் முழுக்கக் கத்த முடியாது என்று, வெகுகாலமாகவே அறிவிப்புகளை வீட்டில் பதிவுசெய்து ஆட்டோவில் ஓடவிடுவதுதான் அவர் வழக்கம். பதிந்தது எதையும் அழித்ததில்லை. எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. பழைய லேப்டாப்பில் அவற்றைத் திறந்து, வேண்டிய சொற்களை வெட்டி எடுத்து ஒட்டிப் புது அறிவிப்பு செய்தார். சிங்காரவேல் என்று ஒருவர் இறந்தபோது, சென்னைச் சுற்றுலா விளம்பரத்திலிருந்து ‘சிங்கார’வையும் காவடி அறிவிப்பிலிருந்து ‘வேல்’ என்பதையும் எடுத்து ஒட்டினார். சத்தம் ஏறாமல் இறங்காமல் சேர அரை நாள் ஆனது. அவருக்குக் குரல் போனதே ஊரில் பலருக்குத் தெரியாது.

ஒருநாள் அந்த டிஸ்க் புதிதாக எதையும் ஏற்க மறுத்தது. பழையதைக் கேட்க முடிந்தது. வெட்டி ஒட்டியதைச் சேமிக்கப் போனால், எழுத அனுமதியில்லை என்றது. லேப்டாப்பிலோ இடமே இல்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அருண்குமாரிடம் கொண்டுபோனார்.

“ரீட் ஒன்லி ஆயிடுச்சு பாய். படிக்கும், எழுத விடாது. அவ்ளோதான், பயப்படாதீங்க. புது டிஸ்க் ஆர்டர் போடறேன். மொதல்ல எல்லாத்தையும் அதுல காப்பி எடுத்துக்கினு, அப்புறமா இதுல கை வெப்போம். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணிடாதீங்க” என்றான் அருண்குமார்.

டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தவரிடம் சைபுன்னிசா, “என்னவாம்?” என்று கேட்டாள். “எழுத முடியலயாம்” என்று உதட்டை அசைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அருண்குமாரின் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவள் அந்த லேப்டாப்பைத் துணியால் துடைப்பதைத் தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை.

புது டிஸ்க் வரத் தாமதமானது. வந்த இரண்டு அறிவிப்புகள் கைமாறிப் போயின. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பவுமில்லை. குரல் போன நாளில்கூட அவரை அவள் இப்படிப் பார்த்ததில்லை.

அவர் செக்கப்புக்காகப் புதுச்சேரி போன அன்று, முட்டிவலி என்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். போனில் தேடியபோது, எழுத முடியாத டிஸ்க்கைச் சரிசெய்வது எப்படி என்று ஒருவன் தமிழில் சொல்லும் வீடியோ கிடைத்தது. சைபுன்னிசா பத்தாவது வரை படித்தவள். போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவன் கறுப்புத் திரையில் அடித்த இங்கிலீஷ் வரிகளை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். முதல் வரி, எழுதவிடாத பூட்டை எடுப்பது. அடுத்தது ‘கிளீன்’ என்ற ஒரே சொல். அதற்கு அவளுக்கு அர்த்தம் தெரியும். சுத்தம் பண்ணுவதுதானே என்று அடித்தாள். பிறகு ஃபார்மேட். அது சாயங்காலம் வரை ஓடியது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர் ஆட்டோவை நிறுத்தும் முன்பே வாசலுக்கு ஓடி வந்தாள். “ஏங்க, உங்க டிஸ்க் எழுதுதுங்க! நானே சரிபண்ணிட்டேன். ஒரு போட்டோ போட்டுப் பாத்தேன், ஏறிக்கிச்சு.”

அவர் போய்ப் பார்த்தார். டிஸ்க்கில் மகளின் நிக்காஹ் போட்டோ ஒன்று இருந்தது. வேறு எதுவும் இல்லை. மூடித் திறந்தார். கழற்றி மாட்டினார். கழுத்துத் துளையில் மூச்சு இரைந்தது.

“பழசெல்லாம் உள்ள எங்கியாவது இருக்கும்லங்க?” என்று கேட்டாள். அப்போதும் அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

“இருக்கும்” என்று அவர் உதடு சொன்னது.

மறுநாள் அருண்குமார் தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் தேடிப் பார்த்தான். லேப்டாப்பில் அந்தக் கறுப்புத் திரை மூடப்படாமலே இருந்தது. அவள் அடித்த வரிகளை மேலிருந்து கீழாகப் படித்தான்.

“மொத வரிலயே பூட்டு தொறந்துடுச்சு பாய். அங்கியே நிறுத்தியிருந்தா போதும். அடுத்ததும் ஃபார்மேட்டும் தேவையே இல்ல. அதுவும் முழு ஃபார்மேட். ஒவ்வொரு எடமா அழிச்சிக்கினே போயிருக்கு. இனிமே எடுக்க முடியாது” என்றான்.

நைனா முகமது போனில் எழுதிக் காட்டினார்: ‘அவகிட்ட சொல்லிடாத தம்பி.’

பழைய பதிவுகள் அருண்குமார் கடையில் பத்திரமாக இருப்பதாக வீட்டில் சொன்னார். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கப் போவதாகவும் சொன்னார். அவளும் நம்பினாள்.

மழைக்காலத்தில் கோபாலகிருஷ்ணன் இறந்துபோனார். மைன்ஸில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், நைனா முகமதுவோடு தினமும் டீ குடித்தவர். அவர் மகள் பவித்ரா அழுத கண்ணோடு வந்தாள்.

“அங்கிள், எது நடந்தாலும் நைனா குரல்லதான் சொல்லணும்னு அப்பா எப்பவும் சொல்லுவார். நீங்கதான் போட்டுக் கொடுக்கணும்.”

“அதுக்கென்னம்மா, டிஸ்க்தான் சரியாயிடுச்சே. இப்பவே போடுவாரு” என்று சைபுன்னிசா முந்திக்கொண்டு சொன்னாள்.

அவர், இல்லை என்று பவித்ராவைப் பார்த்துத் தலையாட்டினார். அவள் புரியாமல் நின்றாள். சைபுன்னிசாவுக்குப் புரிந்தது.

“அப்ப அன்னிக்கே போயிடுச்சாங்க? எல்லாமே?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என் கையாலதானே... யா அல்லா, நான்தானே அழிச்சேன்” என்று தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். உன் மேல் தப்பில்லை என்று அவர் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் பார்த்தால்தானே கேட்கும்? கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து, பலவந்தமாக அவள் கைகளை விலக்கி, முகத்தைத் தன் பக்கம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லதுக்குத்தானே பண்ணினே என்றார். அவள் அதையும் முழுக்கப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கோபாலகிருஷ்ணன் சாவை வேறொருவர் பதிந்து கொடுத்தார். நைனா முகமது ஆட்டோவை மட்டும் ஓட்டினார். பெயருக்கு முன்னால் நிறுத்தாமலே அந்தக் குரல் சொல்லிக்கொண்டு போனது.

அடுத்த வருஷம் உறவுக்காரர் வீட்டுக்குப் போக இருவரும் குள்ளஞ்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். எதிர்ப்பக்க நாற்றுக்கடையில் ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது. ‘ஒட்டு ரக முந்திரிக் கன்று, பலாக் கன்று, எங்களிடம் கிடைக்கும்.’ சைபுன்னிசா சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். அவர் குரல்தான். எப்போதோ பதிந்து கொடுத்தது, அவருக்கே மறந்துபோயிருந்தது.

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. ரோட்டைக் கடந்து போய்க் கடைக்காரரிடம் கெஞ்சி, அதைத் தன் போனில் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குரலில் இப்போது மிச்சம் இருப்பது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு யார் சாவையும் சொல்ல முடியாது. அவர் சவாரிக்குப் போன பிறகு, சமையலறையில் தனியாக இருக்கும்போது சைபுன்னிசா அதைப் போட்டுக் கேட்கிறாள். முந்திரிக் கன்று, பலாக் கன்று என்று சொல்லி அது முடிந்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போடுகிறாள்.