எல்லாவற்றுக்கும் முன்னால் குணசீலன்

குணசீலன் கணினி முன் உட்கார்ந்ததும் முதலில் தட்டுவது தம் பெயரைத்தான். பில் போடும் பகுதி என்றால் 'குணசீலன்_பில்'. முகவரி வாங்கும் பகுதி என்றால் 'குணசீலன்_முகவரி'. எல்லாம் ஆங்கில எழுத்தில், முதலெழுத்து பெரிதாக. தட்டி முடித்ததும் நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, மணவறையில் மகளைப் பார்க்கும் தகப்பனைப் போல அதைப் பார்ப்பார். சில நாள் கண்கூடக் கலங்கிவிடும்.

சூரமங்கலத்தில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். கடைக்காரர்களின் இணையதளங்களில் மாட்டுவதற்கு ப்ளக்-இன் என்னும் சிறு மென்பொருள்களை எழுதித் தருகிறார். இந்தத் தொழிலில் ஒரு பெரும் பயம் உண்டு. நிரலின் பகுதிகளை 'கிளாஸ்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். ஒரே தளத்தில் இரண்டு ப்ளக்-இன்கள் ஒரே பெயரைக் கொண்டுவந்தால் தளம் திகைத்துப்போய் அப்படியே படுத்துவிடும். அதனால் விவரமானவர்கள் பெயருக்கு முன்னால் எழுதியவரின் அடையாளத்தையும், எந்த ப்ளக்-இன் என்பதையும் சேர்த்து ஒட்டுவார்கள். குணசீலன் தம் அடையாளத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் உலகத்துக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது?

"வெறும் 'பில்'லுன்னு வெக்கறவனெல்லாம் புரோகிராமருங்களா? அந்தப் பேரை ஆயிரம் பேரு வெச்சிருப்பான். என்ற பேரை எவன் வெப்பான், சொல்லுங்க!"

இதை அவர் டீ கொண்டுவருபவரிடம் சொல்வார். வங்கி வரிசையில் முன்னால் நிற்பவரிடம் சொல்வார். ஒரு சீர் விருந்தில் சொல்லத் தொடங்கியபோது பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

எடப்பாடி தனப்பிரியா இணையத்தில் துண்டு விற்பவள். அவள் தளத்தில் பில் போடுவது குணசீலனின் ப்ளக்-இன்தான். தீபாவளி விற்பனை தொடங்கிய அன்று காலை, கூரியருக்கும் ஒரு ப்ளக்-இன் எழுதி அதே தளத்தில் மாட்டிவிட்டார் குணசீலன். அடுத்த நொடி தளம் வெள்ளைத் தாளானது. தனப்பிரியா பஸ் பிடித்து வந்து, மூச்சிரைக்க மாடியேறினாள்.

"என்னங்ணா இது? சனத்துக்கெல்லாம் மெசேஜ் போட்டுட்டேன். தொறந்தா ஒன்னுமே இல்லீங்கறாங்க. இன்னைக்கு உட்டா வேற கடைக்குப் போயிருவாங்க. ஊடு பூரா துண்டு அடுக்கிக் கெடக்குது, படுக்க எடமில்லை!"

குணசீலனின் முகம் சிவந்தது. மேசையில் ஓங்கி அறைந்தார்.

"எவனோ என்ற பேரைத் திருடிட்டான் அம்மணி!"

"உங்க பேரைத் திருடி அவன் என்னங்ணா பண்ணப் போறான்?"

"உங்களுக்குத் தெரியாதுங்க. போட்டி! பொறாமை! அந்தத் திருட்டுப் பயலை இப்பவே கண்ணு முன்னால நிறுத்தறேன். போலீசு வரைக்கும் போவேன்."

மறைந்திருக்கும் பிழையைத் திரையில் காட்டச் சொல்லி ஒரு வரியை மாற்றினார். சாட்சி பார்க்கட்டும் என்று திரையையும் அவள் பக்கம் திருப்பிவைத்தார். வெள்ளைத் தாளில் இரண்டு வரி ஆங்கிலம் விழுந்தது. தனப்பிரியாவுக்கு நிரல் தெரியாது. ஆனால் பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு பெயரைப் படிக்க அவளுக்கு நிரல் தேவைப்படவில்லை.

"'குணசீலன் முகவரி'. இந்தப் பேரு ரெண்டு எடத்துல இருக்குதாமாங்ணா. ஒன்னு குணசீலன் பில்லு. இன்னொன்னு..." விரலை வைத்துப் படித்தாள். "குணசீலன் கூரியரு."

பில்லுக்கு எழுதிய முகவரிப் பகுதியைக் கூரியருக்கும் அதே பெயரோடு அப்படியே நகலெடுத்துப் போட்டது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கீழே பரோட்டாக் கல்லில் கொத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்போ போலீசுக்குப் போறதுங்களா, வேண்டாமுங்களா?"

"அதுங்க... சர்வரு..."

"சர்வரு கெடக்குதுங்ணா. கூரியருல இருக்கற உங்க பேரைத் தூக்கிட்டு 'துண்டு'ன்னு வைங்க. கடை தொறக்குமா, தொறக்காதா?"

"தொறக்கும்," என்றார், நோயாளியின் குரலில்.

நிரலைத் திறந்தார். தம் பெயரின் முடிவில் கர்சரைக் கொண்டுபோய் வைத்தார். அழிக்கும் விசைக்கு மேல் விரல் நின்றது, இறங்கவில்லை. தனப்பிரியா கைப்பையை இறுக்கிக்கொண்டு, விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க அம்மணி," என்றார் குணசீலன்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற பிறகுதான் விசையை அழுத்தினார்.