பயன் சொல்ல வந்தவர்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் மடத்துவெளிக்குப் போய் அரியநாயகத்தாரின் வீடு எதென்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வார்கள். கூட வரமாட்டார்கள். பேய் வர இருட்டவேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது.

அரியநாயகத்தாருக்குத் தொண்டையில் புற்றுநோய். கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வாய்வழியாக லேசர் விட்டு, குரல்நாணில் இருந்ததைச் சுட்டு எடுத்துவிட்டார்கள். "புண் ஆறுமட்டும் ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது. குசுகுசுக்கவும் கூடாது. கதைச்சால் குரல் போயிடும்" என்றார் டொக்டர்.

அந்த மனுசனுக்குக் குரல்தான் உயிர். கோயிலில் புராணம் படிப்பவர் அவர். அவர் ஒரு பாட்டை இராகத்தோடு படிக்க, பக்கத்தில் இருந்து ஆழ்வாப்பிள்ளை பயன் சொல்வார். பாட்டின் பொருளைத்தான் அங்கே பயன் என்பார்கள். போன வருடம் ஆழ்வாப்பிள்ளை செத்துப்போனார். இந்த வருடப் புராணப் படிப்போ நெருங்கிவிட்டது. குரல் திரும்புமா? அந்தக் கேள்வி அவரை இருக்கவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

அன்று உச்சி வெயில். மனைவி கமலாதேவி கடைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. மனம் கேட்காமல் அரியநாயகத்தார் புராணத்தை விரித்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணால் மட்டும் ஒரு பாட்டைப் படித்தார்.

க்ஹும்... க்ஹும்...

பின்னால் யாரோ உட்கார்ந்ததுபோல் கதிரை கிறீச்சிட்டது. இரண்டு தரம் கனைத்துவிட்டுத்தான் ஆழ்வாப்பிள்ளை எப்போதும் தொடங்குவார்.

பயன் வந்தது. அதே பாட்டுக்கு. சொல்லுக்குச் சொல்.

எழும்பி ஓடியிருக்கலாம். ஆனால் தொடங்கிய படலத்தை இடையில் மூடக்கூடாது என்பது படிப்பவர்களின் வழக்கம். பாவி மனுசன், அந்த நேரத்திலும் வழக்கம் பார்த்தார். அடுத்த பாட்டுக்குக் கண்ணை நகர்த்தினார்.

க்ஹும்... க்ஹும்...

இம்முறை காதுக்குப் பக்கத்தில்.

அவர் திரும்பவில்லை.

கடைசிப் பாட்டு...

"நீர் படிச்சது காணும். இனி எனக்குத் தாரும்."

குளிர்ந்த ஏதோ ஒன்று தொண்டையைத் தொட்டது.

வாசல் படலை படாரென்று திறந்தது. கமலாதேவி பையை எறிந்துவிட்டு அழுதபடி ஓடி வந்தார். "என்னப்பா செய்தனீங்கள்? நீங்கள் படிக்கிறது சந்தி வரைக்கும் கேக்குது! வாய் திறக்கக்கூடாது எண்டெல்லோ டொக்டர் சொன்னவர்!"

அவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். பக்கத்து வீட்டு நிலாந்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "வடிவாப் படிச்சனீங்கள் அண்ணை. பயன் சொல்லத்தான் ஆளில்லை."

புண் ஆறும் காலம் முடிந்ததும் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். டொக்டர் கமரா விட்டுப் பார்த்தார். "சுத்தமா ஆறியிருக்கு. ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்திருக்கிறீங்கள், நல்லது. இப்ப 'ஆ' எண்டு சொல்லுங்கோ."

சொன்னார். திரையில் குரல்நாண்கள் ஒழுங்காகச் சேர்ந்தன. அதிர்ந்தன.

சத்தம் வரவில்லை.

திரும்பவும் சொன்னார். டொக்டர் திரையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது கமலாதேவியின் போன் அடித்தது. நிலாந்தி.

"அக்கா, எப்ப திரும்பி வந்தனீங்கள்? வீட்டில அண்ணை படிக்கிறது கேக்குது... பயன் சொல்லவும் ஆரையோ பிடிச்சிட்டீங்கள் போல."