வண்டிக்காரர் கேட்ட பேச்சு

1926ஆம் ஆண்டு நவம்பர் 16, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். சுங்கை சிப்புட் ரயில் நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஐந்து மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி, அதாவது உதவிக் கணக்கன். வயது இருபத்திரண்டு. இப்போது எழுபத்தொன்பது. காலையில் மாத்திரை போட்டேனா என்பதே மறந்துபோகிறது. அந்த நாளின் நிமிடங்கள் மட்டும் மறக்கவில்லை.

பினாங்கில் கப்பலிறங்கி வந்த புதிய ஆட்களை அழைத்துப் போக வந்திருந்தேன். என் பட்டியலில் முப்பத்தேழு பேர்: பெரியவர்கள் இருபத்தொன்பது, பிள்ளைகள் எட்டு. எல்லாரும் நாமக்கல் பக்கம். அதே ரயிலில் கோலகங்சார் சாலையிலுள்ள ஒரு தோட்டத்துக்கும் ஒரு கூட்டம் இறங்கியது. தெலுக் ஆன்சனுக்கு, அதுதான் இன்றைய தெலுக் இந்தானுக்கு, போகவேண்டிய இன்னொரு கூட்டம் ரயிலிலேயே இருந்தது. ரயில் நின்ற ஆறு நிமிடத்தில் அவர்களும் தண்ணீர் பிடிக்க இறங்கிவிட்டார்கள். மேடையின் தகரக் கூரை இத்தனை பேருக்குப் போதவில்லை.

ஐந்து மாட்டுவண்டிகள் பேசியிருந்தேன். முதல் வண்டிக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஓயாத வாய். யாரைப் பார்த்தாலும் அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். எங்கள் ஆட்களிடம், "ஏனுங்க ஆத்தா, பாத்து ஏறுங்க" என்பார். அடுத்த கணமே இன்னொரு கூட்டத்துக் கிழவரிடம், "அண்ணாச்சி, பைய இறங்கும், வழுக்கிரும்" என்பார். பள்ளியில் படித்த செந்தமிழை மார்பில் குத்திக்கொண்டு திரிந்தவன் நான். எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏழை ஜனங்களைக் கேலி பண்ணாதீர்" என்றேன்.

"சரிங்க கிராணி ஐயா. இனி உங்கள மட்டும் பண்றேன்" என்றார்.

மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு எல்லாரும் வண்டிகளுக்கு ஓடினார்கள். ஏறி உட்கார்ந்த தலைகளை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் முப்பத்தேழு. கையெழுத்துப் போட்டேன்.

தோட்டத்துப் பெரட்டுக் களத்தில், ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்த இடத்தில், ஐந்து இருபதுக்குப் பட்டியலைப் படித்தேன். முப்பத்தாறு பேர் குரல் கொடுத்தார்கள். தனியாக வந்த ஒரு இளைஞன் மட்டும் இல்லை. அப்படியானால் முப்பத்தேழாவது தலை யாருடையது? ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையின் தூணைக் கட்டிக்கொண்டு நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று நின்றது. அது யாருடைய பிள்ளையும் இல்லை. பக்கத்தில் நின்றவளுடைய குழந்தை என்று நினைத்து ஒருத்தி அதைத் தூக்கி வண்டியில் போட்டிருக்கிறாள். சாக்குக்கு அடியில் இருந்தது பெரியவரா பிள்ளையா என்று நான் பார்க்கவில்லை. தலையை மட்டும் எண்ணினேன்.

குழந்தைக்கு உடம்பு கொதித்தது. பாலைத் தள்ளியது, தண்ணீரைத் தள்ளியது, உதட்டை இறுக்கிக்கொண்டது. "தண்ணியாவது உள்ள இறங்கணும் ஐயா. இல்லன்னா ராத்திரி தாங்காது" என்றார் தோட்டத்து மருந்துக்காரர்.

நான் குனிந்து, "உன் பெயர் என்ன அம்மா? உன் தாயார் எங்கே?" என்று கேட்டேன். குழந்தை என்னைச் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"புள்ளகிட்டப் போயி புஸ்தகம் படிக்கிறாரே!" என்று ஒரு பெண் சிரித்தாள். அவளும் மற்றப் பெண்களும், "ஏங் கண்ணு, அழுவாத சாமி" என்று மாறி மாறிக் கொஞ்சினார்கள். பலனில்லை.

நான் கணக்குப் போட்டேன். தெலுக் ஆன்சன் கூட்டத்தில் பிள்ளைகள் பதினொன்று, மேடையிலேயே எண்ணியிருந்தேன். கோலகங்சார் கூட்டத்தில் நான்குதான். ஆகவே தாய் தெலுக் ஆன்சன் ரயிலில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உடனே நிலையத்துக்குத் திரும்பி, தந்தி அலுவலகம் எட்டு மணிக்கு மூடுவதற்குள் செய்தி அனுப்ப வேண்டும். மற்ற நான்கு வண்டிகளும் போய்விட்டன. மிஞ்சியது அந்த வாயாடியின் வண்டி ஒன்றுதான். அந்த மாடுகளுக்கும் இன்னும் ஒரு நடைக்கு மேல் தெம்பில்லை.

"வண்டியைப் பூட்டும், ஸ்டேஷனுக்கு" என்றேன்.

அவர் நகரவில்லை. "கொஞ்சம் இருங்க ஐயா. கொங்குப் பேச்சுக்கு மசியல. அப்ப அந்தப் பக்கத்துப் புள்ள இல்ல" என்று சொல்லிக் குழந்தைக்கு எதிரில், சேற்றிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"என்னடி தங்கம், மூஞ்சிய ஏன் இப்புடித் தூக்கி வச்சிருக்க?" இது தஞ்சாவூர். குழந்தை அசையவில்லை. "என்னாத்தா, அங்கிட்டு யாரப் பாக்குற? இங்கிட்டு வாத்தா." இது மதுரைப் பக்கம். அதற்கும் ஒன்றுமில்லை. அவர் குரலை மாற்றி, இழுத்துப் பாடுவதுபோல, "ஏளா, இங்கன வாளா. வயிறு பசிக்கா? பைய வா, பயப்படாத" என்றார்.

குழந்தை தூணை விட்டது. "எங்கம்மைய காணல" என்று உதடு பிதுங்கியது. பிறகு, "தண்ணி தாரும்" என்றது. ஒரு குவளை முழுவதும் குடித்தது.

அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு பேச்சுக் கொடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "திருநெல்வேலிக்கும் தெக்க ஐயா. கங்காணி எந்த ஊரோ, அவன் கொண்டாற ஆளும் அந்த ஊருதான். தெலுக் ஆன்சன் கங்காணி புதுக்கோட்ட. கோலகங்சார் ரோட்டுக் கங்காணிதான், 'ஏல, பைய ஏறுங்கல'ன்னு மேடையில கத்திக்கிட்டு இருந்தான். நாலு மைலு. அங்கதான் போவணும்."

"பதினொன்று பெரிதா, நான்கு பெரிதா? தவறாகப் போனால் தந்தியும் இல்லை, தாயும் இல்லை" என்று சத்தம் போட்டேன். என் வேலையும் போகும் என்பதைச் சொல்லவில்லை.

"நீங்க தலைய எண்ணுனீங்க. நான் பேச்சக் கேட்டேன். ஏறுங்க லா, மாடு நனையுது."

குழந்தை அவர் தோளில் தலை சாய்த்திருந்ததைப் பார்த்தேன். ஏறினேன்.

மூன்றாவது மைல்கல்லுக்கு அருகில், இருட்டுவதற்குச் சற்று முன்னால், எதிரே ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். பின்னால் இரண்டு ஆண்கள், "நில்லுளா, நில்லுளா" என்று துரத்திக்கொண்டு வந்தார்கள். நிலையம் எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. ரோடு போன பக்கம் ஓடிவந்திருக்கிறாள். வண்டிக்காரர் எழுந்து நின்று, "ஏ தாயி, உம்பிள்ள இங்கன இருக்கா!" என்று கூவினார். குழந்தையை இறக்குவதற்குள் அவளே பறித்துக்கொண்டாள். முதலில் முதுகில் ஒரு அடி. பிறகு அணைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுது ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"எம்பிள்ளைய எங்கன வே கொண்டு போனீரு? கண்ணு அவிஞ்சா போச்சு? நீரு வெளங்குவீரா?"

அதற்கு மேல் அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"வசவப் பதினாலு வரைக்கும் எண்ணிட்டேன் ஐயா. மிச்சத்த நீங்க எண்ணிக்குங்க" என்றார் வண்டிக்காரர்.

திரும்பும்போது அவருக்கு எந்த ஊர் என்று கேட்டேன். அவர் பிறந்தது இந்த நாட்டில், கடற்கரையோரக் கரும்புத் தோட்டம் ஒன்றில். கப்பலேறியதே இல்லை. திருநெல்வேலி, தஞ்சாவூர், மதுரை எதையும் கண்ணால் கண்டதில்லை. அத்தனையும் அவர் வண்டியில் ஏறி இறங்கியவர்களிடம் கேட்டது.

"எதற்காக இதையெல்லாம் கற்றுக்கொண்டீர்?"

"இறங்குறவங்க பயந்து போயிருப்பாங்க ஐயா. நம்ம பேச்சு ஒருத்தனுக்குத் தெரியுதுன்னா, நல்லா சாஞ்சு உக்காருவாங்க."

கேலி என்று நான் நினைத்தது அதைத்தான். அன்றிலிருந்து புது ஆட்கள் வந்தால் அவரைத்தான் முதலில் பேசவிட்டேன். ஒவ்வொருவரும் எப்படிப் பேசுகிறார் என்று கேட்டபிறகே பெயர் எழுதினேன். என் காது அவர் காதில் கால்பங்குகூட வரவில்லை. இன்று நான் குடியிருக்கும் புந்தோங்கில் என் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் "வாரேன் லா" என்று இந்த நாட்டு 'லா' சேர்த்து ஒரே மாதிரி பேசுகிறார்கள். அவருக்கு அதுவும் ஒரு ஊர்ப் பேச்சாகக் கேட்டிருக்கும். ஒரே நாளில் அச்சாகப் பேசிக் காட்டியிருப்பார்.

காணாமல் போன இளைஞன் தன் மைத்துனனோடு தெலுக் ஆன்சன் ரயிலில் ஏறியிருந்தான். அவனைத் திருப்பி அழைக்க நான்கு நாள் ஆயிற்று. தோட்டத் துரை எனக்குப் போட்ட அபராதம் ஐந்து வெள்ளி. வேண்டாம் என்றவரின் பையில் வலிய வைத்த வண்டிக்கூலி இரண்டு வெள்ளி. குழந்தைக்கு வழியில் வாங்கிக் கொடுத்த ரொட்டி இருபது காசு. ஆகமொத்தம் ஏழு வெள்ளி இருபது காசு. என் ஆயுளில் இதைவிட மலிவாக நான் எதையும் கற்றுக்கொண்டதில்லை.