நான்கு முறை இறங்கிய நிரல்

மென்பொருள் தொழிலில் பாதி எழுதுவது, மீதி காத்திருப்பது. எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக்கித் தரும் பில்ட் மெஷின் முன்னால் நகம் கடித்திருக்கும் சகபாவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரங்களின் நடுவில், பதுளையில் ஒரு துணிக்கடை மாடியில் எங்கள் சின்னக் கிளை இருந்தது. தேயிலைத் தோட்ட அலுவலகங்களுக்குக் கொழுந்துக் கணக்கு மென்பொருள் செய்தோம்.

நாலு அடுப்பு

நிரலில் ஒரு வரி மாறினாலும் பில்ட் மெஷினில் நான்கு வேலைகள் கிளம்பும்: தொகுப்பது, சோதிப்பது, அறிக்கைகளைச் செய்வது, கடைசியில் பொதியாகக் கட்டுவது. நான்கும் கொழும்பு சர்வரிலிருந்து முழு நிரலையும் தனித்தனியாக இறக்கும். இருந்ததோ ஒரே ஒரு மெல்லிய இணைப்பு. நான்கும் இறங்கி முடியும்வரை யாருக்கும் மின்னஞ்சல்கூடத் திறக்காது. நமுனுகுல மலையில் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவ்வளவு நிதானமாக மலை பார்க்க எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

தெமோதரையில் தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் ஸ்டெல்லா, என் பக்கத்து நாற்காலிக்காரி, ஒருநாள் சொன்னாள்: "ஒரே லயக் காம்பராவுல நாலு பேரு நாலு அடுப்பு மூட்டி, அதே சோத்த ஆக்குற மாதிரில்ல இருக்கு!"

கிளாக்கரின் கேள்வி

ஒரு தோட்டத்தில் எங்கள் மென்பொருள் கொழுந்து எடையைப் பிழையாகக் காட்டியது. திருத்தத்தைக் காலையிலேயே எழுதிவிட்டேன். பில்ட் முடியப் பின்னேரமாகிவிட்டது. இடையில் அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் தொலைபேசியில் வந்தார். பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. பில்ட் இன்னும் முடியவில்லை என்றேன். அவர் கேட்டார்: "மிஸ், ஒங்க புரோகிராம் வர்ற வரைக்கும் கொஞ்சம் வளராம நில்லுன்னு தேயிலச் செடிகிட்ட சொல்லிரவாங்க?"

பாதிப் பந்தி

இப்படியே தாமதித்தால் கிளையை மூடிக் கொழும்புக்கு எடுத்துவிடுவோம் என்று தலைமையகம் எச்சரித்தது. என்னைக் கொழும்பு போர்டிங்கில் தங்கவிட அம்மா சம்மதிக்க மாட்டார். கிளை போனால் என் வேலையும் போகும்.

நிரலை ஒருமுறை மட்டும் இறக்கி நான்கு வேலைகளும் பகிரலாமே என்று தோன்றியது. எங்கள் பொறுப்பாளர் சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். நேரில் பேசப் பயந்து மின்னஞ்சல் அனுப்பினேன். இணைப்பு அடைபட்டிருந்ததால் போகவில்லை. எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. சரி என்றார்.

அப்படி மாற்றிய முதல் நாளே எல்லாம் முடங்கியது. பழையது எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதென்று, ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போது தன் கோப்புறையைத் துடைக்கும்படி சேர் முன்பே அமைத்திருந்தார். இப்போது கோப்புறை ஒன்றுதான். தொகுப்பு பாதியில் இருக்கும்போதே, சோதனை வந்து துடைத்துவிட்டது. ஸ்டெல்லா தலையில் கைவைத்தாள்: "சாப்புட்டுக்கிட்டு இருக்கும்போதே எலைய எடுத்தா, அந்தப் பந்தியில யாருடி உக்காருவா?"

கொழும்பின் சந்தேகம்

மறுநாள், முதல் வேலை மட்டுமே, அதுவும் மாறிய கோப்புகளை மட்டும், இறக்கும்படி மாற்றினேன். மற்றவை அது முடிந்தபிறகே, எதையும் துடைக்காமல், அதே பிரதியை எடுத்துக்கொள்ளும். அடுத்த திருத்தம் மதியச் சோற்றுக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டது.

அப்போது கொழும்புத் தலைமையகத்திலிருந்து அழைப்பு. சேர் "ஓம், ஓம்" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். ரிசீவரை வைத்துவிட்டுச் சிரித்தார்: "கிளையை மூடமாட்டினமாம், பிள்ளை. ஆனா இவ்வளவு கெதியா முடிஞ்சதால, நீங்கள் பில்டே செய்யேல்லையோ எண்டு கேக்கினம்!"

வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் செய்த காரியத்தை, பிற்பாடு எல்லோரும் தொழில்நுட்பத் திறமை என்று சொன்னார்கள்.