ஏற்கெனவே இருக்கிறது

சிவப்பு நிறத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். மோட்டார் பைக்கை நிறுத்தும் சிக்னல் சிவப்பைச் சொல்லவில்லை, ஆபீஸ் கம்ப்யூட்டரில் விழும் சிவப்பைச் சொல்கிறேன்.

பதுளை பஜாரில் ஒரு துணிக்கடையின் மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். கிளினிக்குகளில் பதிந்த நோயாளிகளுக்கு, வரவேண்டிய தேதியை எஸ்.எம்.எஸ். அனுப்பும் மென்பொருளைச் செய்கிறோம். தேதி கணக்கிடும் பகுதியை நான் தனி பேக்கேஜாக வைத்திருந்தேன். ஒரு வரியைத் திருத்தினால் போதும், ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் தானே ஓடி, புது பேக்கேஜைக் கட்டி சர்வரில் ஏற்றிவிடும். கிளினிக்குகள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

சர்வருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் நான் கையால் போடும் பதிப்பு எண்ணை ஒருமுறைதான் வாங்கும். நிரலோடு இருக்கும் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் ஸ்கிரிப்ட் ஓடும், பழைய எண்ணோடு போய் முட்டும், ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சிவப்பில் விழும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன்: அந்த எண் ஏற்கெனவே இருந்தால் சத்தம் போடாமல் விட்டுவிடு. அன்றிலிருந்து எல்லாமே பச்சை. பெரிய சாதனை செய்தவன் போல நாலு பேரிடம் பீற்றிக்கொண்டேன்.

அம்மா மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒரு காம்பராவில் இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்ந்த உடம்பு. கண்ணில் அழுத்தம் ஏறி ஒரு கண் போய்விட்டது. மற்றதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்ய வேண்டும். அதைச் செய்யும் டாக்டர் பதுளைக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். அவர் வரும் கிளினிக்கும் எங்கள் எஸ்.எம்.எஸ்.ஸைத்தான் பயன்படுத்தியது. மெசேஜ் வந்ததும் அம்மா லயம் முழுக்கக் காட்டியிருக்கிறார், “எம்மவன் அனுப்புனது” என்று.

இதற்குச் சில வாரங்களுக்கு முன் வேறொரு கிளினிக்கிலிருந்து புகார் வந்தது. முப்பத்தொரு நாள் மாதத்தைத் தாண்டும்போது தேதி ஒரு நாள் பிந்திக் காட்டுகிறது என்றார்கள். பார்த்தால், கணக்கில் ஒன்று கூடிப்போயிருந்தது. பத்து நிமிஷத்தில் திருத்தி அனுப்பினேன். பச்சை விழுந்தது. கீழே இறங்கிப் பிளேன்டீ குடிக்கப் போனேன். பதிப்பு எண்ணை மாற்றவில்லை என்பது நினைவிலேயே இல்லை.

குறித்த நாளில் அம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டிப்போனேன். கிளினிக் கேட் பூட்டியிருந்தது.

“டாக்டர் நேத்து வந்துட்டுப் போயிட்டாரே. இனி அடுத்த மாசந்தான்” என்றார் காவலாளி.

அம்மாவின் பையிலிருந்த, கிளினிக்கில் எழுதிக் கொடுத்த கார்டை வாங்கிப் பார்த்தேன். நேற்றைய தேதி தெளிவாக எழுதியிருந்தது.

“ஏம்மா, கார்டுல நேத்துன்னு இருக்கே, யாரும் பாத்துச் சொல்லலையா?”

“பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாப்பா. கார்டு யாரோ எழுதுனது, இது எம்மவன் எழுதுனது, இதுதான் சரியா இருக்கும்னுட்டேன்.”

அம்மாவை என் அறையில் விட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். திருத்தம் அனுப்பிய நாளின் பதிவைத் திறந்தேன். எல்லாம் பச்சை. நடுவில் ஒரே ஒரு வரி: ‘ஏற்கெனவே இருக்கிறது, விடப்பட்டது.’ சாக்கில் கட்டிய சீட்டை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது பழைய கொழுந்தா புதுக் கொழுந்தா என்று பார்க்காமல் தள்ளிவிட்ட மாதிரி. பழைய பேக்கேஜ் சர்வரில் அப்படியே கிடந்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அடுத்த மாதம் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். இந்தக் கண்ணும் போய்விட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை என்றார். அந்த ஒரு மாதத்தால்தானா என்று கேட்டேன். “அப்படி உறுதியாச் சொல்ல முடியாது” என்றார். அவரால் முடியாது. என்னால் முடியும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எண், சர்வர், நான் சேர்த்த அந்த ஒரு வரி என்று. பாதி புரிந்திருக்காது. “மெசின் செஞ்சதுக்கு நீ என்னப்பா பண்ணுவ” என்று என் தலையைத் தேடித் தடவினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்கிரிப்டை மாற்றிவிட்டேன். எண் ஏற்கெனவே இருந்தால் இப்போது இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும். ஒன்றேயானால் விட்டுவிடும். துளி வித்தியாசம் இருந்தாலும் சிவப்பில் நிற்கும், புது எண் கேட்கும். ஏற்றியதைத் திரும்ப இறக்கியும் சரிபார்க்கும். எழுத அரை நாள்கூட ஆகவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். வலி குறைய மருந்து விடுவதற்கு இன்னும் அதே கிளினிக்குக்குப் போகிறோம். போன வாரம் அவருடைய போனில் மெசேஜ் சத்தம் கேட்டது. போனை நான் இருந்த பக்கமாக நீட்டினார்.

“என்னப்பா போட்டிருக்கு? நீ அனுப்புனதுதானே, வாசி.”

வாசித்தேன். பிறகு மெதுவாக அவர் பையைத் திறந்து கார்டை எடுத்தேன். பை திறக்கும் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

“கார்டு எதுக்குப்பா? நீ எழுதுனது சரியாத்தான் இருக்கும்” என்றார்.